மேடைக்கு வராத கேக்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு போன் கோளாறால். என் அக்கா யாரிடமோ "கேக்கா? நான் கேக்கறேன்" என்றாள். கடையில் விசாரிக்கிறேன் என்று அர்த்தம். அந்தப் பக்கம் "கேக்... நான்... றேன்" என்றுதான் விழுந்திருக்கிறது. நடுவில் "செய்" என்பதைச் சேர்த்துக்கொண்டது கேட்டவரின் பெருந்தன்மை. மறுநாள் சொந்தக்காரர்கள் எல்லோரும் அக்காவுக்கு நன்றி சொன்னார்கள்.

அக்கா சண்டை போட்டுத் தப்பித்துவிட்டாள். தப்பித்தவளை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது? மாட்டிக்கொண்ட ஒருத்தி வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "பொழுது புலரும் வேளையில் அவள் மாவைச் சலித்தபோது" – வேண்டாம். பொழுது புலரும் வேளையில் ஏற்கெனவே கூட்டம் அதிகம்.

அடுத்தது: "வெண்ணெயின் மணம் வீடெங்கும்" – இதற்கு மேல் எழுதினால் எனக்கே பசிக்கும்.

மூன்றாவது: "தையல்காரி வாங்கி வந்த ட்ரே ஓவனுக்குள் போகவில்லை."

இது இருக்கட்டும். பார்த்த மாத்திரத்தில் யாருடைய தோள் அளவையும் சொல்லிவிடுகிறவள், சொந்த ஓவனை அளக்க மறந்துவிட்டாள். கல்யாண வரவேற்புக்கு முந்நூறு பேர். அகலமான ட்ரேயில் ஊற்றிச் சுட்டு, சதுரம் சதுரமாக வெட்டித் தருகிற ஷீட் கேக். கல்யாணப் பெண் அவளுடைய கணவரின் மகள், முதல் மனைவிக்குப் பிறந்தவள். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் தையல்காரி அந்த வீட்டுக்கு வந்தாள்.

போன் கோளாறை அப்படியே அவளுக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் அவள் என் அக்காவைப் போலச் சண்டை போடவில்லை. "சரி, நானே செய்றேன்" என்றாள். ஏன் என்று எனக்கே இரண்டு பக்கம் எழுதிய பிறகுதான் புரிந்தது.

மேடைதான் காரணம். வரவேற்பில் மாப்பிள்ளை பக்கம் அவனுடைய அப்பா, அம்மா. பெண் பக்கம் அவளுடைய அப்பா, அம்மா. (முதல் வரைவில் இந்த அம்மாவைக் கொன்றுவிட்டிருந்தேன். எனக்கு வசதியாக இருந்தது, கதைக்கு இல்லை. இப்போது நல்ல ஆரோக்கியத்தோடு, விவாகரத்து வாங்கிக்கொண்டு, அழைப்பிதழோடு வருகிறாள்.) மூன்றாவது ஆள் எங்கே நிற்பது? மேடைக்கு வராதே என்று தையல்காரியிடம் யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அங்கே நிற்க ஆசை, நன்றாகவே ஆசை. அதை வாய்விட்டுச் சொல்ல மட்டும் மானம் போகிறது. கையில் க்ரீம் ஒட்டியிருப்பவளை ஏன் மேடைக்கு வரவில்லை என்று யாரும் கேட்கப்போவதில்லை.

3

ட்ரேயை மாற்றினாள். சின்ன ட்ரேயில் இரண்டிரண்டாகச் சுட்டு, ஆறவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டி, ஒட்டிய இடத்தை க்ரீம் பூசி மறைத்தாள். இரண்டு குடும்பங்களும்கூட அப்படித்தானே

(அடித்துவிட்டேன். கேக் கேக்காகவே இருக்கட்டும்.)

ஒரு ட்ரேக்கு உண்டான பேக்கிங் பவுடரை அப்படியே மடங்கு மடங்காகக் கூட்டினாள் என்று எழுதியிருந்தேன்.* அதையும் மாற்றியாயிற்று. சுட்டதையெல்லாம் ஃப்ரீசரில் அடுக்கினாள். கணவர் ஐஸ் கட்டிக்காகத் திறந்தார், கேக்கைப் பார்த்தார், மூடினார். இந்தக் கதையில் அவருக்கு அவ்வளவுதான் வேலை.

* அக்கா படித்துவிட்டுச் சொன்னது: "அவ்வளவு போட்டா பொங்கி வழிஞ்சு நடுவுல குழி விழும். எழுதறதுக்கு முன்னாடி யாரையாவது கேட்டுத் தொல."

4

மண்டபத்தின் பின்னறை. நீள மேசை, வரிசையாகக் கேக். தையல்காரி நூலை இழுத்துப் பிடித்து க்ரீமின் மேல் வெட்டுக் கோடு பதித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. பெண்ணின் அம்மா.

(முந்தைய வரைவில் இவள் கூலிங் கிளாஸோடு வந்து குத்தலாகப் பேசுவாள். நம்பிக்கை வரவில்லை. பட்டுப்புடவையோடும் செருப்புக் கடியோடும் வந்தாள், நம்பிக்கை வந்தது.)

"இன்னொரு கத்தி இருக்கா?" என்றாள்.

"மேடையில உங்களத் தேடுவாங்களே," என்றாள் தையல்காரி.

"தேடட்டும். அந்தாளு பக்கத்துல நின்னு சிரிங்க சிரிங்கன்னு சொல்றாங்க. தாடை வலிக்குது."

தையல்காரி கத்தியைக் கொடுத்தாள். "வெந்நீர்ல முக்கி, தொடச்சிட்டு வெட்டுங்க. ஒவ்வொரு தடவையும்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"இல்லன்னா க்ரீம் இழுத்துக்கிட்டு வந்துரும்."

கொஞ்ச நேரம் வெட்டினார்கள். "இது நடுவுல அமுங்கியிருக்கே," என்றாள் பெண்ணின் அம்மா.

"தெரியும். மேல கொஞ்சம் கூடப் பூசியிருக்கேன்."

"அந்தத் துண்ட அந்தாளு தட்டுல வைங்க."

தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சிரிப்பை நான் திட்டமிடவில்லை.

இதற்குள் கல்யாணப் பெண் கதவருகே தலையை நீட்டி, "சித்தி, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க, கேக்க அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

இதுவரை அந்தச் சொல்லைத் தவிர்த்தே வந்தேன். அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பாவின் இரண்டாவது மனைவியும் சித்தி. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டுத் தமிழ் பேசாமல் இருந்துவிட்டது. பெண்ணோடு கூடவே வந்த மாப்பிள்ளையின் அத்தை அறைக்குள் நின்றுவிட்டாள்.

"நீங்கதான் சித்தியா? அதானே பாத்தேன், அக்காவும் தங்கச்சியும் ஒண்ணா நின்னு வேல பாக்குறீங்க. மூக்குகூட ஒரே அச்சு. தாயோட தங்கச்சி இங்கயா நிக்கறது? வாங்க மேடைக்கு, போட்டோ எடுக்கணும்."

5

முடிவுகள் தயாராக இருக்கின்றன.

அ) "இல்லீங்க, நான் அவரோட" என்று தையல்காரி உண்மையைச் சொல்கிறாள். அத்தையின் முகம் மாறுகிறது. இவள் நூலைக் கையில் எடுக்கிறாள்.

ஆ) "ஆமாங்க" என்று பொய் சொல்லி மேடை ஏறுகிறாள்.

இ) பெண்ணின் அம்மா இவளை அணைத்துக்கொண்டு "என் கூடப் பிறந்தவதான்" என்கிறாள். அக்காவின் ஓட்டு இதற்கு. எனக்குத் தித்திப்பு அதிகம். அதோடு, பெருமையெல்லாம் அணைத்தவளுக்கே போய்விடும்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெண்ணின் அம்மா கத்தியை வெந்நீரில் முக்கினாள், துடைத்தாள். அதுவரை நீங்க என்று பேசியவள், நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"நீ போ. மிச்சத்த நான் வெட்டிக்கறேன்."

தையல்காரி ஏப்ரனைக் கழற்றினாள். கை கழுவினாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தைத் தாண்டிக் கூட்டிப்போகிறாள். "சொந்தத் தங்கச்சிதானே?" என்று வழியெல்லாம் விசாரிக்கிறாள். படி வந்துவிட்டது. மேலே பெண் திரும்பிப் பார்க்கிறாள், போட்டோகிராபர் இடம் ஒதுக்கச் சொல்லிக் கை காட்டுகிறார்.

அத்தைக்கு அவள் என்ன பதில் சொல்கிறாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உண்மையோ பொய்யோ, எனக்குச் சம்மதம். போட்டோவில் மட்டும் அவளை ஓரத்தில் நிறுத்திவிடாதீர்கள்.