பாதிப் பேச்சு

ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய். சுப்புராயன் தன் மச்சான் ராஜவேலுக்குத் தர வேண்டிய கடன் அது. ஒரு பழைய செல்போனின் விலை.

ராஜவேல், சுப்புராயனின் மனைவி ராசம்மாளுக்குத் தம்பி. சிதம்பரத்தில் மாணவர்கள் விற்றுவிட்டுப் போகும் செல்போன்களை வாங்கி வந்து கடலூர் ஓல்டு டவுனில் விற்பான். இந்த போனின் மெமரி கார்டில் ஒரு பாட்டுகூட இல்லை. எவனோ ஒரு மாணவன் கல்லூரியில் பிடித்து வைத்த பேச்சுகள்தான் பத்து இருந்தன. பத்தும் ஒரே பேராசிரியை பேசியவை. காற்று, மழை, கடல், மண்.

"இருவது ரூவா குடு மாமா, நூறு பாட்டு ஏத்தித் தர்றேன்."

"இருக்கறத மொதல்ல கேட்டு முடிக்கிறேன் மச்சான்."

அதுதான் முடியவில்லை. நாளெல்லாம் சிமெண்டு மூட்டை இறக்குகிற உடம்பு. உட்கார்ந்து கேட்டால் ஐந்தாவது நிமிடம் தலை தொங்கிவிடும். முப்பத்தாறு வயதில் இரவுப் பள்ளிக்கு எழுத்துப் படிக்கப் போனபோதும் இதே கதைதான்.

குடிகாட்டிலிருந்து குடோனுக்கு ஷேர் ஆட்டோவில் ஐந்து ரூபாய். அதை மிச்சம் பிடித்துக் கடனை அடைக்கலாம் என்று காலையில் ஓடத் தொடங்கினான். சும்மா ஓடுவானேன் என்று காதில் மாட்டிக்கொண்டான். தூக்கம் வரவில்லை. தொழிற்பேட்டை மதிலோரம் அந்த அம்மாள் பேசிக்கொண்டே கூட வந்தார். புரியாத இடத்தில் கால் தானாக மெதுவாகும், புரிந்துவிட்டால் வேகம் பிடிக்கும்.

ஆனால் குடோனுக்கு நாற்பது நிமிட ஓட்டம். பேச்சோ ஒரு மணி நேரத்துக்கு மேல். மறுநாள் போட்டால் முதலிலிருந்து தொடங்கும். "கண்டத அமுக்காத, எல்லாம் அழிஞ்சிடும்" என்று ராஜவேல் சொல்லியிருந்ததால் மற்ற பட்டன்களைத் தொடவே மாட்டான். ஆக, பத்துப் பேச்சும் முன்பாதி மட்டும் மனப்பாடம்.

வாசலில் மேஸ்திரி சபாபதி நிற்பார். "என்னா புரொபசர், இன்னிக்கு என்ன பாடம்?"

"புயல் மேஸ்திரி."

"கரை கடந்துச்சா?"

"எங்க! ஒரு மாசமா வந்துகிட்டே இருக்கு."

டிசம்பர் கடைசியில் நிஜப் புயலே வந்துவிட்டது. மூன்றாம் நாள், ஜெனரேட்டர் வைத்திருந்தவனிடம் பத்து ரூபாய் கொடுத்து போனுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஓடினான். குடோன் பூட்டியிருந்தது. வாசலில் ஆளில்லை. காதில் புயல் இன்னும் பாதியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சுப்புராயன் நிற்காமல் மஞ்சக்குப்பம் பக்கமாக ஓடினான். அன்றுதான் அந்தப் பேச்சின் பின்பாதி அவனுக்குக் கிடைத்தது. கடைசியில் மாணவர்கள் கைதட்டியதுகூடக் கேட்டது.

வீட்டுக்கு வந்தால் ராஜவேல் உட்கார்ந்திருந்தான். முகம் சரியில்லை.

"கூர மொத்தமும் பூட்ச்சி மாமா. ஷீட்டு மாட்டற ஆளு நாளுக்கு ஐநூறு கேக்கறான். பாக்கி நானூத்தி முப்பது இருக்கு. குடு, இல்லன்னா செல்ல எடுத்துக்கறேன். வித்தாவது கூலி குடுக்கணும்."

"இன்னும் ஒம்போது பேச்சு பாதியில நிக்குது மச்சான்."

"என் வூடே பாதிதான் நிக்குது!"

உள்ளேயிருந்து ராசம்மாள் குரல் கொடுத்தாள். "ஓடறதுக்குத் தெம்பு இருக்கில்ல? கூர ஏறச் சொல்லு."

ராஜவேல் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சுப்புராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தான்.

இரண்டு நாள் வேலை. சுப்புராயன் மேலே, ராஜவேல் கீழிருந்து ஷீட்டு எடுத்துக் கொடுத்தான்.

"ஒண்ணு புரியல மாமா. காத்து வடக்க இருந்துதான அடிச்சிது? அப்பறம் எப்பிடித் தெக்கு செவுரு போச்சி?"

"புயலு நேரா வராது மச்சான். சுத்திகிட்டே வரும். முன்பாதி வடக்கேருந்து தள்ளும். நடுவுல அதுக்குக் கண்ணுன்னு பேரு, அங்க காத்தே இருக்காது. தாண்டிப் போச்சின்னா பின்பாதி தெக்கேருந்து தள்ளும். நடுவுல கொஞ்ச நேரம் அடங்கிச்சே?"

"ஆமா, விட்டுச்சின்னு வெளிய வந்தனே!"

"அதான் கண்ணு."

ராஜவேல் ஷீட்டைப் பிடித்தபடியே நின்றான். "இத முன்னாடியே சொல்றதுக்கு என்னா?"

"பின்பாதியே இன்னிக்குக் காலையிலதான கேட்டேன்."

"பின்பாதியா? தள்ளி ஓட்டறதுக்கு பட்டன் இருக்கே மாமா."

"நீதான் கண்டத அமுக்காதன்ன."

ராஜவேலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுப்புராயனுக்குக் கோபம் வரப் பார்த்து, மேலே நின்றபடியே அவனும் சிரித்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் கடைசி ஆணியையும் அடித்துவிட்டு இறங்கினான். ராஜவேல் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அந்தப் பட்டன் எது என்று இரண்டு முறை அமுக்கிக் காட்டினான்.

"ரெண்டு நாளு கூலி ஆயிரம். பாக்கி நானூத்தி முப்பது கழிஞ்சிது. மேல ஐநூத்தி எழுவது நாந்தான் தரணும்."

"மச்சான் வூட்டுக்கு யாரு கூலி வாங்குவா? கடன மட்டும் கழிச்சிக்க."

"கழிச்சாச்சி மாமா," என்று போனை அவன் கையில் வைத்தான் ராஜவேல்.