கதவில் தொங்கிய மரங்கள்

காலை எட்டு மணிக்கு மேற்பார்வையாளன் அன்செல்மோ, அன்றைய அறைப் பட்டியல் போட, கையில் டேப்லெட்டோடு ஹோட்டலின் நான்காவது மாடிக்கு வருவான். அதற்குப் பத்து நிமிடம் முன்பே தியோலிந்தா தான் துடைக்கும் பக்கத்துக் கதவுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிடுவாள். அன்று 427-இன் கைப்பிடியில் பச்சை அட்டை தொங்கியது. 'இன்று என் அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம், அதற்குப் பதில் ஒரு மரம் நடுங்கள்.' அதைக் கழற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், அங்கே துடைக்கும் இல்டாவின் 412-இல் மாட்டினாள். இது முதல் முறையல்ல.

மரம் எங்கே நட்டார்களோ, போர்ச்சுகலின் அந்தப் போர்த்திமாவ் கடற்கரையில் யாரும் பார்த்ததில்லை. ஹோட்டலுக்கு சோப்பும் சலவையும் மிச்சம். அட்டை மாட்டிய விருந்தினருக்கு ஒரு கோப்பை வைன் இலவசம். ஆட்களை அனுப்பும் கம்பெனிக்குத் துடைத்த அறைக்குத்தான் காசு, பெண்களுக்கும் அப்படியே. அட்டை தொங்கிய அறை அன்றைய பட்டியலில் இருக்காது. நாலாம் நாள் அதே கதவைத் திறந்தால் மணலும் ஈரத்துண்டும் மீன் வாடையுமாக மூன்று நாள் அழுக்கு காத்திருக்கும், கூலி ஓர் அறைக்கு. தொங்கும் அட்டைகளை ஹோட்டல் எண்ணியதால் கிழித்துப் போடவும் முடியாது. அக்டோபர் முடிந்ததும், அதிக அறை துடைத்த ஒருத்தியைத்தான் மாடிக்கு வைத்துக்கொள்வார்கள். மற்றவள் ஈஸ்டர் வரை வீட்டில். போன வருடம் வீட்டில் இருந்தவள் தியோலிந்தா. கணவனின் இருதய மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்த குளிர்காலம் அது.

"உன் பக்கம் மரமே முளைக்க மாட்டேங்குதே மகளே," என்றாள் இல்டா, துணி அறையில் காப்பியை உறிஞ்சியபடி. "என் பக்கம் ஒரே காடு."

"உனக்கு வாய்ச்சதெல்லாம் ஜெர்மன்காரங்க. பூமி மேல பாசம் ஜாஸ்தி."

"பூமி மேல பாசம். படுக்கையில பீட்சா."

இருவரும் சிரித்தார்கள். தியோலிந்தா காப்பியை முடிக்காமல் கீழே வைத்தாள்.

அட்டை மாட்டியும் அறை துடைக்கப்பட்டதென்று யாரும் புகார் கொடுப்பதில்லை. மாட்டாதவர்கள் கொடுத்தார்கள். கலைந்த படுக்கைக்கே திரும்பி வந்தவர்கள் இல்டாவின் பக்கத்து அறைகளுக்கு இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார்கள்.

"தோனா இல்டா, அட்டை தானா நடந்து வந்து தொங்காது," என்றான் அன்செல்மோ, 'தோனா' என்ற மரியாதை குறையாமல். "சீக்கிரம் வீட்டுக்குப் போக நீங்களே மாட்டுறீங்கன்னு மேலிடத்துல நினைக்கிறாங்க."

இல்டா தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தாள். தியோலிந்தா தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த இடத்தையே.

அக்டோபர் கடைசி நாள் இல்டா தன் அலமாரியைக் காலி செய்தாள். அடியிலிருந்து, எண்ணி முடிந்தபின் கழற்றிச் சேர்த்துவைத்த ஒரு கத்தை பச்சை அட்டைகளை எடுத்து நீட்டினாள்.

"பின்னாடி மூலையைப் பாரு."

அட்டையைக் கொடுக்கும்போதே வரவேற்பு மேசைப் பெண் பென்சிலால் பொடியாக அறை எண் எழுதியிருந்தாள். 427. 431. 425. இல்டாவின் எண் ஒன்றுகூட இல்லை. தியோலிந்தா இத்தனை நாளில் ஒரு அட்டையைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

"எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது வாரம்."

"அவன்கிட்ட காட்டியிருக்கலாமே."

"காட்டினா? உன்னையும் அனுப்பிட்டு வேற ரெண்டு பேரைக் கொண்டாந்திருப்பான்." இல்டா கோட்டுப் பொத்தானைப் போட்டாள். "உன் புருஷனுக்கு மாத்திரைய முழுசாக் கொடு. மன்னிச்சிட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதடி."

மறுநாள் அன்செல்மோ சொன்னான். "இனி ரெண்டு பக்கமும் நீங்கதான் தோனா. இருபத்தாறு அறை. குளிர்காலத்துக்கு அறைக்கூலி கிடையாது, நாள்கூலி. எவ்வளவு துடைச்சாலும் ஒண்ணுதான்."

அன்று பதினெட்டோடு இடுப்பு விட்டுப்போனது. மீதி எட்டையும் முழங்காலில் நகர்ந்து முடித்தாள்.

அடுத்த நாள் எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மாடிக்கு வந்தாள். வெளியே மழை. இருபக்கமும் பார்த்தாள். ஒரு கைப்பிடியிலும் பச்சை இல்லை. ஏப்ரன் பைக்குள் இல்டா கொடுத்த கத்தை கனத்தது. 412-க்குள் யாரோ இருமினார்கள். மேலாக இருந்த அட்டையை உருவி அந்தக் கைப்பிடியில் மாட்டினாள். துடைக்க ஓர் அறையாவது குறையும்.

கூடத்தின் கோடியில் லிஃப்ட் மணி அடித்தது. அட்டை ஆடி, மெல்லத் திரும்பி, பென்சிலால் 427 என்று எழுதிய பக்கத்தை வெளியே காட்டிக்கொண்டு நின்றது.