நெட்டை வாசிக்காத இடம்

பாடகனைத் தகரம் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போவது போன்ற குரல். அவனுடைய அக்கா டிரம்ஸ். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட இருந்த நெட்டை, கிதார். இந்த மூன்று பேரின் பங்க் ராக் குழு எட்டு வருஷம் ஒரு டயர் கடையின் பின்கட்டில் காட்டுக் கத்தல் கத்திக்கொண்டிருந்தது. கேட்க முப்பது பேர் வந்தால் பெரிய விஷயம்.

பிறகு ஒரே ஒரு பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. ஆலையிலிருந்து நூறு பேரைத் துரத்தியதைப் பற்றித் தகரம் வயிறெரிந்து எழுதிய பாட்டு. அதை ஷாம்பு விளம்பரத்தில் போட்டார்கள். ஒரு நாள் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி அவன் படுத்திருந்தபோது, சுவர் ஸ்பீக்கரில் அவன் குரலே வந்தது. டாக்டர் தாளம் போட்டுக்கொண்டே பல்லைக் குடைந்தார். நிறுத்தச் சொல்ல அவனுக்கு வாய் இல்லை.

டயர் கடைக்கு வந்துகொண்டிருந்த பழைய ஆட்கள், இவன் விலைபோய்விட்டான் என்று, தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புதியவர்கள் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை.

அடுத்த ஆல்பத்துக்குக் கம்பெனிக்காரர் பெரிய ஸ்டூடியோ பிடித்துத் தந்தார். ஆளுக்கு ஒரு கண்ணாடி அறை. ஒருவர் சத்தம் இன்னொருவருக்கு ஹெட்போனில்தான் கேட்கும். இரண்டாம் நாளே தகரம் அதைக் கழற்றி வைத்தான்.

“டயர் கடைக்கே போயிடலாம். மூணு நாள், ஒரே மைக். கேக்கறவன் காது கிழியணும்.”

“யாருக்காகடா?” என்றான் நெட்டை.

“நமக்காக.”

“எனக்கு அந்தப் பாட்டு பிடிச்சிருக்கு. என் பொண்ணு அதைக் கேட்டாத்தான் தூங்கறா. அது ஓடினதுக்கு நீ ஏன் துக்கம் கொண்டாடறே?”

“அப்ப நீ போய்த் தாலாட்டே வாசி.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். நெட்டை கிதாரைத் துடைத்து உறையில் போட்டான். “வரேன்க்கா” என்று அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அக்காவும் தம்பியும் டயர் கடையிலேயே பதிவு செய்தார்கள். கிதாரையும் தகரமே தட்டுத்தடுமாறி வாசித்தான். நாலாவது பாட்டின் நடுவில் நெட்டை தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்தது. அங்கே மட்டும் அவன் கை கம்பியில் படவில்லை. இருபத்திரண்டு நொடி, வெறும் டிரம்ஸ்.

“வேற யாரையாவது வாசிக்கச் சொல்லலாமே,” என்றாள் அக்கா.

“வேணாங்க்கா. அது அவன் இடம்.”

“அதை அவன்கிட்ட சொல்லேன்டா.”

அவன் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான்.

ஆல்பத்தைக் கேட்டுக் கம்பெனிக்காரர் தலையில் கை வைத்தார். முதல் கச்சேரியில் கூட்டம் அந்த விளம்பரப் பாட்டைப் பாடச் சொல்லிக் கத்தியது. தகரம் பாடவில்லை. ஐந்தாவது பாட்டில் பாதி நாற்காலி காலி. புதியவர்களை விரட்டினால் பழைய ஆட்கள் திரும்புவார்கள் என்று நம்பியிருந்தான். வரிசை வரிசையாகத் தேடினான். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. நாலாவது பாட்டின் இடைவெளியைக் ‘கிதாரின் துணிச்சலான மௌனம்’ என்று ஒரு பத்திரிகை புகழ்ந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில், தகரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது நெட்டை போன் செய்தான்.

“நாலாவது பாட்டைக் கேட்டேன். அங்க என்ன வாசிக்கணும்னு என் கைக்குத் தெரிஞ்சுதுடா.”

தகரம் கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியில் போட்டான். “வந்து வாசியேன்டா.”

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ கேட்டது. நெட்டை அதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்தான்.

“இல்லடா. இப்ப வீட்டுலயே கிதார் சொல்லித் தரேன். பதினோரு பேர் வராங்க. எனக்கு இது நல்லாருக்கு. கோபமா?”

“இல்ல.”

உண்மையாகவே இல்லை. கோபம் இருந்திருந்தால் அதுவாவது துணைக்கு இருந்திருக்கும்.

சனிக்கிழமை பக்கத்து ஊரில் கச்சேரி. டிரம்ஸ் பெட்டியின் ஒரு முனையை அக்காவும் மறுமுனையை அவனும் பிடித்து வேனில் ஏற்றினார்கள். போகும் வழியெல்லாம் அக்கா ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி ‘ம்’ கொட்டினான். நாற்பது பேர் வந்திருந்தார்கள், யாரென்றே தெரியாத நாற்பது பேர். அவர்களுக்குத் தொண்டை கிழியப் பாடினான்.