துளசியின் பெயரில் போன உப்பு

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் சுகுமாறன் அண்ணன். வயது எண்பது, இரண்டு முட்டியிலும் வலி. எழுந்து போக வசதி என்று எங்கே போனாலும் கதவுப் பக்கம்தான் உட்காருவார். சோபாவின் இந்தக் கோடியில் அவர் மகள் கங்கா, மடியில் லேப்டாப்போடு. ரவாங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை, அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். அந்தக் கோடியில் கைருன்னிசா. கோலசிலாங்கூர் டவுனில் நாசி கண்டார் சோற்றுக் கடை நடத்துகிறவள். வெள்ளிக்கிழமை ஜும்மா கூட்டம் முடிந்த கையோடு வந்ததால் அவள் துணியில் கறிமசாலா வாசம் அடித்தது. காற்றாடிக்கு நேர் கீழே என் அம்மா அன்னம்மா, வயது தொண்ணூற்று மூன்று. நான், விஜயராணி, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத்தாள், இரண்டு பேனா, கைநாட்டு வைக்க மைப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். பள்ளிக்கூட ஆபீசில் முப்பத்தொரு வருடம் கடிதம் எழுதியவள் நான். யாருக்குக் கடிதம் வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள்.

கூடியதற்குக் காரணம் வெளிநாட்டுப் போர் ஆவணக் காப்பகம் ஒன்றிலிருந்து சுகுமாறன் அண்ணனுக்கு வந்த கடிதம். ஜப்பான்காரன் காலத்தில் நேசநாட்டுப் படைக்காகக் கரையோரம் உளவு பார்த்த பெண்களின் பெயர்களை ஒரு கல்சுவரில் வெட்டப்போகிறார்களாம். பட்டியலில் ஒரு பெயர் துளசி, கரைத்தோட்டம், ஜெரம். கப்பல் எத்தனை, மோட்டார் படகு எத்தனை, ஏரோப்பிளேன் எத்தனை என்று வாராவாரம் உப்பு மூட்டையோடு தகவல் அனுப்பியவள் என்று எழுதியிருந்தது. ஆதாரம், அந்த நாளில் ஜெரத்தில் கடை வைத்திருந்த கைருன்னிசாவின் தாத்தா சண்டை முடிந்த பிறகு கொடுத்த வாக்குமூலம். துளசியை நேரில் அறிந்த ஒருவர் சாட்சி சொல்லிக் கையெழுத்திட்ட காகிதம், அசல் காகிதமாகவே, மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். அன்று அனுப்பினால்தான் சேரும். தபால் நிலையத்தை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். கரைத்தோட்டம் என்ற ரப்பர் தோட்டத்தின் லயத்தில், கூலி வீட்டு வரிசையில், துளசியோடு குடியிருந்தவர்களில் உயிரோடு இருப்பது என் அம்மா மட்டும்.

துளசி சுகுமாறன் அண்ணனின் தாய். அவர் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, ஒரு பகல் வேளை ராணுவ லோரி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. திரும்பி வரவில்லை. தகப்பன் அதற்கு முன்பே சயாம் ரயில்பாதை வேலைக்குப் போய்ச் செத்திருந்தார். யாரும் இழுக்கவில்லை, அடிக்கவில்லை, அவளாகவே லோரியில் ஏறினாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அது போதாதா? ஜப்பான்காரனோடு ஓடிப்போனவள் மகன் என்று லயத்திலும் பள்ளிக்கூடத்திலும், பிறகு பெண் பார்க்கப் போன வீட்டிலும் அவருக்குப் பெயர். அந்தக் கடிதம் வந்த அன்று கங்காவை நான்கு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாராம். மறுநாள் முடிவெட்டிக்கொண்டு, அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தார்.

எனக்கு அந்த இரண்டு வாரமாக நிம்மதி இல்லை. கடிதத்தைப் பற்றிக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "ஆளு வந்து வெசாரிப்பாங்களா?" என்று மூன்று தடவை கேட்டாள். இந்த வயசில் ஞாபகம் தடுமாறுகிறதோ, சாட்சி சொல்லும்போது உளறிவிடுவாளோ என்பதுதான் என் கவலை. 

இரண்டே முக்காலுக்கு ஆரம்பித்தோம். சாட்சிப் படிவத்தில் எட்டுக் கேள்வி. கங்கா ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்வாள், அம்மா பதில் சொல்வாள், நான் எழுதுவேன்.

"துளசிய எப்படித் தெரியும்?"

"பக்கத்து வீடு. இடையில ஒரு பலகைதான். அவ தும்முனா நான் நூறுன்னு சொல்லுவேன்."

சுகுமாறன் அண்ணன் சிரித்தார். "சின்னம்மா இன்னிக்கு நல்லாத்தான் இருக்காங்க."

"நல்லா இல்லாம? நீதான்டா நொண்டிக்கிட்டு வர. எண்பது வயசுல ஒனக்கு என்னா கேடு."

ஐந்து கேள்வி தாண்டியது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆறாவதைக் கங்கா படித்தாள்.

"துளசி உப்பு மூட்டைய கடைக்குக் கொண்டு போறத நீங்க கண்ணால பாத்தீங்களா? ஆமா, இல்ல. ஒண்ண டிக் பண்ணணும்."

அம்மா மடியில் கிடந்த துண்டின் முனையைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"காது கேக்கலையா? சத்தமாச் சொல்லு கங்கா," என்றேன்.

"கேக்குது."

"அப்ப ஆமான்னு சொல்லும்மா."

"இல்லன்னு போடு."

கங்கா என்னைப் பார்த்தாள். "அத்தை, பாட்டி டயர்டா இருக்காங்க. ஆமான்னே போட்டுடுங்க. யாரு வந்து செக் பண்ணப் போறா?"

"நீ சும்மா இரு," என்றாள் அம்மா. "துளசி பிள்ள பெத்துப் படுத்திருந்தா. கடைக்கு எப்படிப் போவா? போனது நான்."

சுகுமாறன் அண்ணன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அம்மா அவரைப் பார்க்காமல் என் பேனாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

தோட்டத்தில் பெரட்டு என்று உண்டு. விடியுமுன் எல்லாரும் வரிசையில் நிற்க, கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். பெயருக்குப் பதில் வராவிட்டால் பெயர் வெட்டு. பெயர் வெட்டினால் அரிசி நின்றுபோகும். அதனால் ஒருத்தி காய்ச்சலில் கிடந்தாலோ பிள்ளை பெற்றாலோ இன்னொருத்தி அவள் பெயருக்குப் போய் நிற்பாள். வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். அம்மாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. பிள்ளை ஆளுக்கு அரை அரிசி, பெரிய ஆளுக்கு முழு அரிசி. துளசி பெயருக்கு அம்மா நின்றால் முழு அரிசி வரும், இரண்டு வீடும் பங்கு போட்டுக்கொள்ளலாம். அப்போது ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுவது நின்றுபோய், பெண்களைக் கரைக்கு உப்புக் காய்ச்ச அனுப்பிக்கொண்டிருந்தார்கள். துளசியின் நம்பர் போட்ட தகரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அம்மா கரைக்குப் போனாள்; வாராவாரம் உப்பு மூட்டையைக் கடையில் கொண்டுபோய்ப் போட்டாள்.

"கடைக்கார ராவுத்தர், இவ தாத்தாதான், மொத நாளு பேரு கேட்டாரு. கிராணி ஆளு பக்கத்துல நிக்கிறான். என் பேர எப்படிச் சொல்றது? துளசின்னேன். பொறவு ஒருநாள் தனியாக் கூப்ட்டுச் சொன்னாரு. கடல்ல பெரிய கப்பல் போனா மூட்டைக்குள்ள ஒரு முழுக் கிளிஞ்சல் போடு. மோட்டார் படகுன்னா ஒடஞ்ச கிளிஞ்சல். மேல பறந்தா நண்டு ஓடு. உப்புல கெடக்கறதுதானே, எவன் கேப்பான்? எதுக்குன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. ஒரு துண்டு கருப்பட்டி குடுப்பாரு."

கைருன்னிசா தன் கைப்பையிலிருந்து வாக்குமூலத்தின் நகலை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, விரலால் வரி வரியாகத் தேடினாள்.

"அக்கா, இங்க இருக்கு. 'அந்தத் துளசி தாவணி போடும் வயதுகூட ஆகாத மெலிந்த பெண்' அப்படின்னு தாத்தா சொல்லியிருக்காரு. நானும் பத்துத் தடவை படிச்சேன், மனசுல படவே இல்ல."

"கைருன் ஆன்ட்டி, ப்ளீஸ்," என்றாள் கங்கா. "அத இப்ப எடுக்காதீங்க. அந்தப் பேர நம்பித்தான் அப்பா ரெண்டு வாரமாத் தூங்குறாரு."

சுகுமாறன் அண்ணன் கதவு நிலையைப் பிடித்து எழுந்தார். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய், கார் நிற்கும் இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மணி மூன்றேகால். கங்கா பின்னாலேயே போகப் பார்த்தாள். கைருன்னிசா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஏம்மா இப்ப சொன்ன?" என்றேன் அம்மாவிடம், மெதுவாக. "அவரு தாங்குவாரா?"

"கேட்டாங்கல்ல. இதுக்கு முன்ன எவனாவது இப்படி நேராக் கேட்டானா?"

நான் மேசையிலிருந்த படிவத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு கோடு போட்டால் முடிந்தது. துளசியின் பெயர் கல்லில் ஏறும். ஒருவருக்கும் நஷ்டமில்லை. என் அம்மாவை ஒருவரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் கொண்டுபோனேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பேனாவை மூடி வைத்தேன்.

மூன்றரைக்கு அவர் உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"அன்னிக்கு என்னா நடந்துச்சு சின்னம்மா? லோரி வந்த அன்னிக்கு."

"உப்பு மூட்டை ஏத்துற படகுக்காரன் ஒருத்தன அடிச்சதுல துளசிங்கற பேரு வெளிய வந்துருச்சு. ரெண்டு பேரு துப்பாக்கியோட வந்தானுங்க. நான் அன்னிக்குக் காய்ச்சல்னு கரைக்குப் போகல. துளசி யாருன்னு கேட்டான். அவ வாசல்ல ஒனக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தா. நான் இந்தப் பக்கம் தூணு கிட்ட நிக்கறேன். கழுத்துல தகரம் இருக்கு. சட்டைக்குள்ள மறைச்சுக்கிட்டேன்."

"அம்மா என்னா சொன்னாங்க?"

"நான்தான்னு சொன்னா."

"அவங்களுக்கு எதுக்குன்னு தெரியுமா?"

"கிளிஞ்சல என் மடியில ஒரு தடவ பாத்தா. ஒண்ணும் கேக்கல. ஆனா தெரியும். தெரிஞ்சதாலதான்..." அம்மா துண்டை மறுபடி பிரித்தாள். "ஒன்ன என் கையில குடுத்தா. பிள்ளையப் புடின்னு சொன்னா. வேற ஒரு வார்த்த இல்ல. போயி ஏறுனா," என்றாள்.

"தானா ஏறுனாங்க."

"தானாத்தான் ஏறுனா. அழுது பொரண்டா என் பக்கம் திரும்புவானுங்கல்ல."

சுகுமாறன் அண்ணன் அம்மாவுக்கு எதிரே வந்து நின்றார். "ஓடிப்போனவ மகன்னு சொன்னப்ப எல்லாம் நீங்களும் அங்கதான இருந்தீங்க."

"இருந்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம். மொதல்ல ஜப்பான்காரன் பயம். பொறவு நீ வளந்து எங்க வீட்டுக்கு வந்து சோறு தின்ன ஆரம்பிச்ச. சொன்னா வரமாட்டன்னு பயம்."

அவர் அம்மாவைத் திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எழுது தங்கச்சி. ஃபாரத்த விட்டுடு. வெள்ளத்தாள்ல நடந்தது நடந்தபடி எழுது."

"அப்பா," என்றாள் கங்கா, "அவங்களுக்கு உப்பு கொண்டு போனவங்க பேருதான் வேணும். இப்படி எழுதுனா துளசி பாட்டி பேர எடுத்துடுவாங்க. கேன்சல் பண்ணிடுவாங்கப்பா."

"எடுத்தா எடுக்கட்டும். அவங்க எதுக்கு ஏறுனாங்கன்னு ஒரு எழுத்துல இருக்கும்ல. இதுவரைக்கும் எந்த எழுத்துலயும் இல்ல." நாற்காலியை இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "அப்புறம் இதையும் சேத்து எழுது. பாத்தவங்க எண்பது வருஷம் வாயத் தொறக்கலன்னு."

நான் எழுதவில்லை. என் அம்மா அல்லவா.

"எழுதுடி," என்றாள் அம்மா. "அவன் சொல்றது சரிதான்."

எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. கரைத்தோட்டம், பெரட்டு, பெயருக்கு நிற்கும் வழக்கம், உப்பு மூட்டை, கிளிஞ்சல், லோரி, கேட்ட கேள்வி, சொன்ன பதில், பிள்ளையைக் கைமாற்றியது, அதன்பின் வாயைத் திறக்காதது. தேதி ஞாபகமில்லாத இடத்தில் ஞாபகமில்லை என்றே எழுதினேன். கங்கா அதை ஆங்கிலத்தில் தட்டி, என் மேசை பிரிண்டரில் எடுத்தாள். தட்டும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். தமிழை நான் இரண்டு தடவை சத்தமாகப் படித்தேன். அம்மா ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: லோரி வந்தபோது பயந்தேன் என்று நான் எழுதியிருந்ததை எடுக்கச் சொன்னாள். "பயம்னா மன்னிச்சுருவாங்க. மறைஞ்சு நின்னேன்னு போடு."

மையில் அவள் கட்டைவிரலை நான்தான் பிடித்து வைத்தேன். ரேகை கலைந்துவிட்டதால் பக்கத்தில் இன்னொன்று வைக்க வேண்டியிருந்தது. அதன் கீழே சுகுமாறன் அண்ணன் தமிழில் கையெழுத்திட்டார். பேனாவை வைத்ததும், அம்மாவிடம் போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போனார். வழக்கமாக அவருக்கென்று அம்மா எடுத்து வைக்கச் சொல்லும் முறுக்குப் பை மேசையிலேயே கிடந்தது. கங்கா அதை எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, எடுக்காமல் அவர் பின்னால் ஓடினாள்.

நாலு முப்பத்தைந்து. கைருன்னிசா தன் காரில் என்னைக் கூட்டிப்போனாள். அவளோடு வந்து எங்கள் சமையலறையில் இருந்த பணிப்பெண் அம்மாவுக்குத் துணை இருந்தாள். ஆற்றுப் பாலத்துக்கு வரும் சாலையில் நெரிசல். ஒரு நெல் லோரியின் பின்னால் ஊர்ந்தோம்.

"அக்கா, அவரு இனிமே உங்க வீட்டுக்கு வருவாரா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"அந்த வெள்ளக்காரன் ரெண்டு பேர் பேரையும் வெட்டுவானா, இல்ல ஒண்ணையும் வெட்ட மாட்டானா?"

"அதுவும் தெரியல."

"எங்க தாத்தா சொன்னது தப்புன்னு ஆயிடுச்சே."

"தப்பில்ல கைருன். கேட்ட பேரத்தான் அவரு சொன்னாரு."

தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர். ஐந்து ஆகச் சில நிமிடம் இருக்கும்போது என் முறை வந்தது. உறையை ஒட்டுமுன் காகிதங்களை மறுபடி எண்ணினேன்: தமிழ் இரண்டு பக்கம், ஆங்கிலம் இரண்டு பக்கம், அடையாள அட்டை நகல், வாக்குமூல நகல். கேள்வி ஆறில் எதுவும் குறிக்காத அந்தப் படிவத்தையும் வைத்தேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"சூராட்," என்றேன். கடிதம்.

"சூராட் சாஜா?" கடிதம் மட்டும்தானா?

"சாஜா."

அவள் உறையின் வாயை மடித்து, ஒட்டி, அதன் மேல் அகலமான டேப்பை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இழுத்து, கையால் அழுத்தித் தேய்த்தாள். முத்திரை குத்தினாள். பின்னால் வாய் திறந்திருந்த பைக்குள் அதைப் போட்டாள். ஒரு ஆள் வந்து பையின் கழுத்தைக் கட்டி, வெளியே நின்ற வேனுக்குத் தூக்கிப்போனான்.