சத்தமில்லாத அடுப்பு

…திரி அடுப்பு என்றே சொல்லிவிட வேண்டும், வேறு பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது, என்று நினைத்தபடி கனகசபாபதி எழுந்தான், பாயைச் சுருட்டினான், சுவரோரம் சாய்த்து வைத்தான். கீழே இறங்கித் தெருக்குழாயில் ஒரு குடம் பிடித்தான். ஒரு குடம் போதும். பல் துலக்கினான். சவரம் செய்தான், கண்ணாடியில் தாடையை மட்டும் பார்த்துக்கொண்டு. குளித்தான். துவைத்த சட்டையைப் போட்டான். சமையலறைக் கதவு சாத்தியே இருந்தது. பொன்னுத்தங்கம் போனதிலிருந்து அதைத் திறக்கவில்லை, காலைக்கும் ராத்திரிக்கும் கிளப்புக் கடை, மத்தியானம் கம்பெனியில் யாராவது தூக்குச்சட்டியிலிருந்து பிரித்துக் கொடுப்பது, நாக்குக்கு எதுவும் தெரிவதில்லை, அது ஒரு வசதி. இன்றைக்குத் திறந்தாக வேண்டும். அக்கா வள்ளித்தாய் விருதுநகரிலிருந்து முதல் பஸ்ஸில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அடுப்பு எரியாத வீட்டில் பிள்ளையை எப்படி விடுவது என்று போன தடவையே கேட்டுவிட்டாள். அடுப்பு வாங்கினால் தீபாவளி வரை கூடவே இருந்து, ஒரு சமையல்காரியைப் பழக்கிவிட்டு, பிள்ளையை அவனிடம் விட்டுப் போவாள். இல்லாவிட்டால் பாப்பா விருதுநகரிலேயே வளரும், அத்தையை அம்மா என்று கூப்பிடும். இப்போதே கூப்பிடுகிறதாம்… அதைச் சொல்லும்போது அக்கா முகத்தில் சந்தோஷமா சங்கடமா, அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு அடுப்பைத் தேர்ந்தெடுப்பது என்ன மலையா. விறகு இந்த வீட்டுக்கு ஆகாது, கீழே காலண்டர் அச்சகத்துக்காரரின் பேப்பர் கிட்டங்கி, பொறி பறக்கிற எதையும் மாடிக்கு ஏற்றக்கூடாது என்று குடிவந்த அன்றே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், ஆகவே கரி அடுப்பும் இல்லை. மரத்தூள் அடுப்பு இருக்கிறது, தூளை இறுக்கித் திணித்துப் பற்றவைத்தால் பொறுமையாகக் கனியும், ஆனால் பாதியில் அணைக்க நினைத்தால் அணையாது. மிச்சம் இருப்பது சீமெண்ணெய், அதில் பம்பு அடுப்பு ஒன்று, திரி அடுப்பு ஒன்று. இந்தப் பாடத்தை இதே படியில் இறங்கிக்கொண்டே பொன்னுத்தங்கத்துக்கு நடத்தியவன் அவன்தான். கல்யாணமான புதிது. கெமிஸ்ட்ரி படித்தவன், சும்மா இருப்பானா, எண்ணெய் ஆவியாகி எரிந்தால் நீலத் தீ, திரியில் எரிந்தால் மஞ்சள் தீ, மஞ்சள் என்றால் பாத்திரமெல்லாம் கரி, நேரமும் வீண். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திரி வைத்ததே போதுமுங்க, கண்ணுக்குத் தெரிகிற தீ, ஊதினால் அணைந்துவிடும், என்றாள். அவன் சிரித்தான். ஊதி அணைப்பதற்கு அது என்ன விளக்கா என்றான். எதற்குச் சிரித்தான்? அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அவள் இன்னும் ஒரு தடவை சொல்லியிருப்பாளோ? பிறகு கடையில், பம்பு அடுப்பிலும் இரண்டு தினுசு, சத்தம் போடுவது, சத்தமில்லாதது. சத்தமில்லாததை எடுங்கள் என்றான். பகலெல்லாம் பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவையோடு இருக்கிறவன் காதுக்கு, புஸ்ஸென்ற சத்தம் என்றால் ஒரே அர்த்தம்தான், அதை வீட்டிலும் கேட்டுக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது… தன் காதுக்காக எடுத்தான். சமைக்கப் போகிற கையைப் பார்க்கவில்லை. ஆவி வருகிற நாசில் துளை அடைத்துக்கொண்டால் சத்தம் போடுகிற அடுப்பு முன்கூட்டியே திணறிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று துக்கம் கேட்க வந்தவர்களில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். அப்படியா என்று கேட்டுக்கொண்டான். தண்ணீர் குடித்தான்.

பஸ் வந்து நின்றது. அக்கா இறங்கினாள், இடுப்பில் பாப்பா, அதன் முடியை உச்சியில் முடிந்து ரிப்பன் கட்டியிருந்தாள். இளைத்துவிட்டாய் என்றாள், சட்டைக் காலரைப் பிடித்து முகர்ந்து பார்த்து, வெளுக்கிறவன் சோப்புப் போடுகிறானா சுண்ணாம்பு போடுகிறானா என்றாள். வழியெல்லாம் பேசினாள். அவளுக்கு வேண்டியது பம்பு அடுப்பு. திரி அடுப்பில் உலை கொதிப்பதற்குள் பிள்ளை பள்ளிக்கூடமே போய்விடும், நடந்தது விதி, அடுப்பு என்ன செய்யும், ஊரில் எத்தனை வீட்டில் எரிகிறது, எல்லாரும் செத்தா போனார்கள்… விதி என்ற சொல்லை அவன் பிடித்துக்கொண்டான், சூடான தம்ளரைப் பிடிக்கிற மாதிரி, பிடித்ததும் வைத்துவிடத் தோன்றியது. வைத்தான். எதிரே நாரணாபுரம் பக்கம் போகிற கம்பெனி வேனில் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள், இரண்டு பேர் அவனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவன் ஓட்டம் பழக்கிய பெண்கள். மாதம் ஒரு தடவை, மருந்துக் கூடத்து வாசல்களிலிருந்து. போர்மேன் பலவேசம் தகரத்தை ஒரு தட்டுத் தட்டுவார், உடனே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து ஓட வேண்டும், செருப்பில்லாத காலோடு, வேப்பமரத்தைத் தாண்டிக் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். “சத்தம் கேட்டா யாரு, எவருன்னு பாக்கப்படாது. கூடப் பொறந்தவ கெடந்தாலும் தாண்டி ஓடு. நின்னு பாத்தா ரெண்டு பொணம்” என்பார் பலவேசம். தயங்குகிறவர்களுக்காகக் கனகசபாபதி தானே முன்னால் ஓடிக் காட்டுவான். நல்ல ஓட்டம். யோசனை காலுக்கு வந்து சேர்வதற்குள் கால் வெளியே இருக்கும், அப்படித்தான் பழக வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறான்.

பாத்திரக்கடைச் சங்கிலிமுத்து அவனை அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் பழையதை எதுவும் பேசவில்லை, நல்ல மனுஷன், நேரே சாமான்களை எடுத்து வரிசையாக வைத்தார். திரி அடுப்பு, பத்துத் திரி, பச்சை வர்ணம். பம்பு அடுப்பு, பித்தளை, இரண்டு தினுசும். அக்கா பித்தளையைத் தட்டிப் பார்த்தாள், திரி அடுப்பை ஒரு விரலால் தள்ளிவைத்தாள். அவன் சொல்ல வேண்டும். திரி அடுப்பு என்று மூன்றே அசை, காலையிலிருந்து வாயில் வைத்திருக்கிறான்… ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால் பொன்னுத்தங்கம் அதைத்தான் கேட்டாள், நான் சிரித்தேன். அதை எப்படிச் சொல்வது? அக்கா பாப்பாவை அவன் கையில் கொடுத்துவிட்டு இடுப்புச் சேலையைச் சரிசெய்தாள். பாப்பா கனமாகியிருந்தது, கழுத்தடியில் பால் வாடை, அவன் மீசையைப் பிடித்து இழுத்தது, அவனுக்கு ஏதோ உள்ளே இளகப் பார்த்தது, இளகவில்லை. பித்தளை அடுப்பின் மூடித் திருகைத் தொட்டுப் பார்ப்பதற்காகப் பிள்ளையை மேஜைமேல் உட்காரவைத்தான், ஒரு கையால் அணைத்தபடிதான். ஒரு தரம் பற்றவைத்துக் காட்டுங்க அண்ணாச்சி என்றாள் அக்கா. சங்கிலிமுத்து மேஜையின் மறுகோடியில் அடுப்பை வைத்து, கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினார், அது அடங்குகிற நேரத்தில் பம்பை அடித்தார், கொஞ்சம் அவசரம், சூடேறுவதற்குள் அடித்துவிட்டார், புஸ்ஸென்று மஞ்சளாக ஒரு முழ உயரத்துக்கு எழும்பியது.

மண் வாயில் பட்டது. எதிர்ச்சாரிக் கடை வாசலில் குப்புறக் கிடந்தான். இரண்டு கையும் காதைப் பொத்தியிருந்தன. இரண்டு கையும். அப்படியென்றால் பாப்பாவை எந்தக் கை பிடித்திருக்கிறது… தலையைத் தூக்கினான். கடைக்குள் தீ எப்போதோ அடங்கி நீலமாக நின்றுகொண்டிருந்தது, சங்கிலிமுத்து திருகைப் பிடித்தபடி இருந்தார், பாப்பா அக்காவின் தோளில். அழவில்லை, அவனைக் கைகாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது, அப்பா விளையாடுகிறார் என்று. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். “பட்டாசுக்காரகளுக்கு அடுப்பு விக்கிறதுன்னா நான் கதவச் சாத்திட்டுத்தான் விக்கணும் போல. துட்டுக் குடுக்கிறதுக்கு முந்தி தெருவில கெடக்காக” என்று சங்கிலிமுத்து சிரித்தார், நல்ல மனதோடுதான். நின்றவர்களும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் அவன் படுத்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கும் தெருவில் இப்படித்தான் கிடந்தான், பாதி முகத்தில் சோப்பு நுரை. சமையலறையில் ஒரு புஸ், ஒரு வெளிச்சம், அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தது, அவ்வளவுதான், மாடிப்படி எதுவும் ஞாபகத்தில் இல்லை. அவன் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது, சவரத்துக்கு எடுத்துவைத்த தண்ணீர், அதைத் தாண்டி ஓடியிருக்க வேண்டும். அச்சகத்து ஆட்கள்தான் சாக்கை நனைத்துக்கொண்டு மேலே ஏறினார்கள். ஆள் கூப்பிட ஓடிவந்த வேகத்தில் பாவம் தடுக்கி விழுந்துவிட்டார் என்று அவர்களே ஊருக்குச் சொன்னார்கள், கேட்டவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள், அவன் திருத்தவில்லை. மெல்ல மெல்ல அவனுக்கே தடுக்கிய இடம் ஞாபகம் வரத் தொடங்கியிருந்தது. போர்மேன் பலவேசம் மட்டும் துக்கத்துக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் எழுந்து போனார்.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு கடைப்படி ஏறினான். அக்கா பாப்பாவை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள், அவனுக்கு எட்டாத பக்கம். வேண்டுமென்றே செய்யவில்லை, கை தானாகச் செய்தது, கைக்கும் காலுக்கும் சொல்லியா கொடுக்க வேண்டும். அண்ணாச்சி, அந்தத் திரி அடுப்பையே கட்டுங்க என்றாள். சங்கிலிமுத்து சணல் தேட உள்ளே போனார். பிள்ளையை விட்டுப் போவாளா என்று இப்போது கேட்கலாமா… அடுப்பு எரிந்தால் விடுகிறேன் என்றாள், அடுப்பு வாங்கியாகிவிட்டது, ஆனால் அவள் கேட்டது அடுப்பையா?

“ஏலே,” என்றாள் அக்கா, கடைக்காரர் காதில் விழாத குரலில். “அன்னைக்கும் இப்படித்தானா?”

அவன் குனிந்து பார்த்தான். சட்டைக் கையில் மண் ஒட்டியிருந்தது.

“அவ பாத்தாளாலே?”

பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும். தீ, புகை, கண்ணைத் திறந்திருக்க மாட்டாள். மதுரை ஆஸ்பத்திரியில் வாழையிலைமேல் படுக்கப் போட்டிருந்தபோது போலீஸ் ஏட்டு வந்து கேட்டார், புருஷன் எங்கே இருந்தார் என்று, கீழே தண்ணி பிடிக்கப் போயிருந்தாக என்றாள். காய்ச்சலில் நாள் குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், அதுதான் கடைசிப் பேச்சு, என்று அக்காவுக்கும் ஊருக்கும் சொல்லியிருக்கிறான், அக்கா அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதாள். பொன்னுத்தங்கம் பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. விடியற்காலம், நர்ஸ் அந்தப் பக்கம் போனதும், கிட்டே வாங்க என்று கண்ணால் கூப்பிட்டாள், குனிந்தான், உதடு வெந்திருந்ததால் ஒவ்வொரு சொல்லாக வந்தது. மன்னிப்புக் கொடுத்தாளா, பழி வாங்கிக்கொண்டாளா, அதில் அன்பு இருந்ததா கணக்கு இருந்ததா, அந்தக் குரலில் எதுவும் தெரியவில்லை, வெறும் காற்று. அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பாப்பா ரிப்பனை அவிழ்த்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது, பொன்னுத்தங்கம் அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொல்ல அவன் வாயைத் திறந்தான்…

“பயப்படாதீக. நீங்க ஓடுனத நான் யார்ட்டயும் சொல்லல.”