வெள்ளையடித்த பாறை

அண்ணன் கடற்கரையின் கையிலிருந்த கொள்ளிச்சட்டியை வள்ளித்தாய் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அக்கரைச் சுடுகாட்டுக்குப் போக அவன் அப்போதுதான் ஓடைக்குள் ஒரு காலை வைத்திருந்தான். அவனுக்குப் பின்னால், நாலு பேர் தோளில் அப்பா வந்துகொண்டிருந்தார்.

பெண்கள் தெருமுக்கோடு நின்று அழுதுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். இவளோ அப்பாவின் ஆட்டுக்கம்பை எடுத்துக்கொண்டு கரிசல் சேற்றில் அரை மைல் ஓடி வந்திருந்தாள். சித்தப்பா பெருமாள்சாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? சட்டியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

"குருமலையப் பாருங்க சித்தப்பா. வெள்ளையடிச்ச பாறை தெரியுதா?"

தெரியவில்லை. மலையில் மழை சாம்பலாக இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே வெயில் சுள்ளென்று அடித்தது. ஓடையில் கணுக்கால் நனையவும் தண்ணீர் இல்லை.

முதல் தேர்தல் வருஷம் இதே மாதிரி ஒரு வெயிலில்தான் அம்மா புல்லுக்கட்டோடு இந்த ஓடையில் இறங்கினாள். மூன்றாம் நாள் உடலைக் கண்மாய்க்கரையில் எடுத்தார்கள். அதற்கப்புறம் அப்பா பூவனலிங்கம், ஆடு மேய்க்கப் போன இடத்தில், ஓடை பிறக்கும் சரிவில் ஒரு பாறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். மழையில் அது மறைந்துவிட்டால் வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்தில் வெள்ளம் இங்கே வந்துவிடும். எப்போதும் அல்ல. கரிசல் வெடிப்பில் கம்பை விட்டுப் பார்ப்பார். முழங்கை ஆழம் இறங்கினால் மண் குடித்துவிடும், பயமில்லை. வெடிப்பு மூடியிருந்தால் ஆட்டை மேட்டுக்கு ஓட்டிவிடுவார். மலைக்கு வெள்ளையடிச்ச மனுசன் என்று ஊரே கேலி பேசியது. பாலத்துக்கு அளக்க வந்த ஓவர்சீயரும் சிரித்துவிட்டுத்தான் போனார்.

"மூணு நாள் மழையில வெடிப்பெல்லாம் மூடிட்டு. கம்பு ஒரு சாண்கூட எறங்க மாட்டேங்கு" என்றாள் வள்ளித்தாய்.

நல்ல நேரம் போகிறது என்றார் சித்தப்பா. பிணத்தை நடுவழியில் நிறுத்துகிற பெண்ணை எங்கேயும் பார்த்ததில்லை என்றார் இன்னொருவர். வள்ளித்தாய் பாதையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சட்டியை மடியோடு அணைத்துக்கொண்டாள். சூடு வயிற்றைச் சுட்டது.

"எங்கம்மையக் குடுத்தது போதும். நெருப்பில்லாம எங்க போவீங்கன்னு பாக்கேன்."

வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம் தாண்டிவிட்டது. தண்ணீரைக் காணோம். அப்பாவைப் பார்த்து இன்றைக்கும் ஊரைச் சிரிக்க விட்டுவிடுவோமோ என்று பயந்தாள். வந்துவிடு, வந்துவிடு என்று வேண்டினாள், அம்மாவைக் கொண்டுபோன அதே தண்ணீரை.

முதலில் சத்தம்தான் வந்தது. அடுத்த நிமிஷம் கருவேல மரத்தை வேரோடு புரட்டிக்கொண்டு, செம்மண் நிறத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு வந்தது. கடற்கரை கால் வைத்த இடம் இருந்த சுவடே இல்லை. பாடையை மேட்டில் ஏற்றி இறக்கினார்கள். வள்ளித்தாய் முந்தானையால் விசிறி நெருப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் வெள்ளம் வடிந்தது. சித்தப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"எறங்கலாமா, தாயி?"

அவள் மலையைப் பார்த்தாள். பாறை வெள்ளையாகத் தெரிந்தது. கம்பைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

கடற்கரை சட்டிக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பை ஊன்றி, முதல் ஆளாக இறங்கினாள். பாடை தூக்கிய நாலு பேரும் அவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து வந்தார்கள்.