பெய்ஜிங்கில் ஏழு நாட்கள்

வேரோனிக்கா பெய்ஜிங்குக்குச் சுற்றுலா போகப்போகிறாள் என்று ரொறன்ரோவுக்குப் பக்கத்து யூனியன்வில் பேக்கரியில் எல்லோரும் நம்பினார்கள். நம்பவைத்தவள் அவளேதான். 2009 ஏப்ரலில் ஒருநாள் கேக் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் ஊரில் ஒரு வாரத்தில் எதையெல்லாம் பார்க்கலாம் என்று லிங்கிடம் கேட்டாள். பெய்ஜிங்கில் பிறந்து வளர்ந்த லிங்குக்கு அதன்பிறகு வாய் ஓயவில்லை. அரண்மனைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும், சீனப் பெருஞ்சுவரில் ஏறி நடக்க நல்ல சப்பாத்து வேண்டும், வாத்து இறைச்சி தின்னாமல் திரும்பக்கூடாது. வேரோனிக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

உண்மையில் போகவேண்டியவன் அவளுடைய தம்பி அன்புராசா. இலங்கையில், போர் நடந்த வன்னியில், ஒரு நிவாரண அமைப்புக்கு லொறி ஓட்டியவன். ஜனவரியில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு வெளியே வந்தான். திரும்பிப் போகப் பாதை இருக்கவில்லை. கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கினான். மார்ச்சில் வெள்ளை வான் ஒன்றில் வந்தவர்கள் பக்கத்து அறைக்காரர் இருவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. சீனாவுக்குச் சுற்றுலா விசா கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தான். கிடைத்தது. ஆனால் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் கிளிநொச்சி, சந்தேகப்பட அதுவே போதும். விமான நிலையத்தில் யாராவது கேள்வி கேட்டால் சுற்றுலா போகிறவனைப்போலப் பதில் சொல்லவேண்டும்.

அதனால் வேரோனிக்கா தினமும் வேலைக்குப் போகுமுன் கொழும்புக்குப் போன் எடுத்து, அவனைப் பாடமாக்க வைத்தாள். முதல் நாள் எங்கே, இரண்டாம் நாள் எங்கே, ஹோட்டலின் பெயர் என்ன. யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற பயத்தில் இருவரும் வேறொன்றும் பேசுவதில்லை. சண்டைக்குள் அகப்பட்டவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்த நாளில் அவன் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

“வெளியில வெடி கொளுத்துறாங்கள் அக்கா. ஒவ்வொண்டும் கதவில தட்டுற மாதிரிக் கிடக்கு.”

“அதை விடு. மூண்டாம் நாள் எங்க போறாய்?”

அவன் சொன்னது பிழை. விமான நிலையத்திலும் இப்படித் தடுமாறினால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போனாள்.

அன்று பேக்கரியில் ஒரு தட்டு அவள் கையிலிருந்து விழுந்தது. லிங் அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தாள். வேரோனிக்கா உண்மையைச் சொல்லிவிட்டாள். தம்பியின் பையில் என்ன இருக்கிறது என்று லிங் கேட்டாள். இரண்டு சேர்ட், வேலை செய்த இடத்துக் கடிதங்கள் என்றாள் வேரோனிக்கா. கடிதங்களைத் தூக்கியெறியச் சொல், என்றாள் லிங். உல்லாசப் பயணம் போகிறவனிடம் கமராவும், வாங்கவேண்டிய சாமான் பட்டியலும்தான் இருக்கும். இருபது வருடத்துக்கு முன், பெய்ஜிங்கில் மாணவர்களைச் சுட்ட ஜூன் மாதம், தானும் அப்படித்தான் ஊரைவிட்டு வெளிக்கிட்டதாகச் சொன்னாள். பட்டுத்துணி, பொம்மை, சீப்பு, தேயிலை என்று பட்டியலையும் அவளே எழுதிக் கொடுத்தாள்.

அடுத்தநாள் வேரோனிக்கா பட்டியலை வாசித்துத் தம்பியை எழுதவைத்தாள்.

“சுற்றுலாவுக்குப் பேப்பர் ஒண்டும் தேவையில்லை. வீணாக் காவாதை.”

“எல்லாத்தையுமோ அக்கா?”

“ஓம். எல்லாத்தையும்.”

நான்கு வருடம் வேலை செய்ததற்கு அவனிடமிருந்த ஒரே சாட்சி அந்தக் கடிதங்கள்தான்.

வெள்ளிக்கிழமை, ரொறன்ரோ நேரப்படி மத்தியானம் இரண்டரைக்கு விமானம். சோதனை முடிந்து உள்ளே போனதும் போன் எடுப்பதாகச் சொல்லியிருந்தான். அவள் போனை ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்தாள். ஒரு மணி, இரண்டு மணி. இரண்டரையும் தாண்டியது. அவனுடைய போன் நிறுத்தப்பட்டிருந்தது. பக்கத்து அறைக்காரரை ஏற்றிய வான்தான் அவள் கண்ணுக்குள் நின்றது. லிங் அவளுடைய பெட்டிகளையும் சேர்த்து மடித்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு நீளமான இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. அவன்தான், பெய்ஜிங்கிலிருந்து. போனுக்குச் சார்ஜ் இல்லாமல் போய்விட்டதாம்.

கொழும்பு விமான நிலையத்தில் அதிகாரி பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு அவனைத் தனி அறைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். பையைக் கொட்டினார். பட்டியலை எடுத்து வாசித்தார்.

“அதில தேயிலை எண்டு கிடந்தது அக்கா. சிலோன்காரன் சீனாவில போய்த் தேயிலை வாங்கிறதோ எண்டு கேட்டான். மனுசி கேட்டவ எண்டு சொன்னன். தன்ர மனுசியும் அப்படித்தான் எண்டு சிரிச்சுப்போட்டு முத்திரை குத்தினான்.”

வேரோனிக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு மனைவியே இல்லை.

அவன் பெய்ஜிங்கில் ஓரிடமும் பார்க்கவில்லை. அறைக்கதவைத் திறக்கவே பயந்தான். அங்கிருந்த லிங்கின் அத்தை ஒருவர் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார், ஐ.நா. அகதிகள் அலுவலகத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவரும் அவர்தான். அவன் அகதியாக ரொறன்ரோவுக்கு வர மேலும் இரண்டரை வருடம் பிடித்தது.

விமான நிலையத்தில் வேரோனிக்காவும் லிங்கும் காத்து நின்றார்கள். வெளியே வந்தவன் தமக்கையைத் தேடவில்லை. முதலில், ஆட்கள் எந்தக் கதவால் வெளியே போகிறார்கள் என்று பார்த்தான்.